தூரம் ஒன்றுதான், பயண நேரம் மட்டும் ஏன் இரண்டு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. டோக்கியோ நரிடாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு எவ்வளவு தூரம் என்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்து நீங்களே கணக்குப் போட்டீர்கள், 11,000 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. இணையதளங்கள் 8,750 என்கின்றன. சரி என்று அந்த 8,750ஐ விமானத்தின் வேகமான 900ஆல் வகுத்தால் 9 மணி 43 நிமிடம். டிக்கெட்டிலோ போக 10 மணி நேரம், திரும்பி வர 11 மணி 45 நிமிடம். போதாக்குறைக்கு, ஜனவரியில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. இதில் எது சரி, எந்தச் சூத்திரத்தை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். சூத்திரத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், உண்மையில் உங்களைக் குழப்புவது வேறு: தூரம் தெரிந்துவிட்டால் நேரமும் தெரிந்துவிடும் என்று நினைத்தீர்கள், அது நடக்கவில்லை. விமானங்களுக்குப் பாதையும் எரிபொருளும் கணக்கிட்டுத் தரும் டிஸ்பேட்ச் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். இது சுத்தமான வடிவியல், இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நீங்கள் இரண்டு ஊர்களின் பாகை வித்தியாசத்தை எடுத்து, பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கி, பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டிருக்கிறீர்கள். அட்சரேகைக்கு 111 சரி, எங்கே இருந்தாலும் ஏறத்தாழ அதுதான். தீர்க்கரேகைக்கு அது பூமத்திய ரேகையில் மட்டும்தான் பொருந்தும். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுகின்றன. 35 பாகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை சுமார் 91 கிலோமீட்டர், 60 பாகையில் கிட்டத்தட்ட பாதி. நீங்கள் பார்க்கும் இரண்டு ஊர்களும் 34, 36 பாகைக்கு அருகே இருக்கின்றன, இடையில் 101 பாகை தீர்க்கரேகை. அதனால்தான் தப்பு இவ்வளவு பெரிதானது.

அந்த 91ஐ வைத்துத் திருத்திப் போட்டாலும் 9,230 கிலோமீட்டர் வருமே தவிர 8,750 வராது. நேர் கிழக்காக ஒரே அட்சரேகையில் போவது குறுக்கு வழி அல்ல என்பதே காரணம். ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களிலும் நூலின் முனைகளைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, பசிபிக்கின் நடுவில் கிட்டத்தட்ட 48 பாகை வரை போய், மறுபடி இறங்கும். பெருவட்டம் என்பது அதுதான், பூமியின் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு. தட்டையான வரைபடத்தில் வளைந்து சுற்றுவது போலத் தெரிந்தாலும் பூமியின் மேல் அதுவே மிகக் குறைந்த தூரம். இங்கே மிச்சம் ஏறத்தாழ 480 கிலோமீட்டர், அரை மணி நேரத்துக்கும் மேலான பறப்பு.

சூத்திரத்தை ஒருமுறை எண்களோடு போட்டுவிடலாம், சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தால் போதும். நரிடா 35.76 வடக்கு, 140.39 கிழக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் 33.94 வடக்கு, 118.41 மேற்கு. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.3263. இரண்டின் கொசைன்களையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் பெருக்கினால் மைனஸ் 0.1308. இரண்டையும் கூட்டினால் 0.1955. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று பார்த்தால் 78.73 பாகை. அதை 111.195ஆல் பெருக்குங்கள், 8,754 கிலோமீட்டர் கிடைக்கும். 6,371 கிலோமீட்டர் ஆரம் கொண்ட உருண்டையில் ஒரு பாகை அந்த நீளம்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கைப் பிளஸ் என்று வைத்தால் மேற்கை மைனஸ் ஆக்க வேண்டும். அப்படிச் செய்தால் இங்கே வித்தியாசம் 258.80 என்று வரும், 180ஐத் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், 101.20க்கும் அதற்கும் கொசைன் ஒன்றுதான். அடுத்து, 35 பாகை 45 நிமிடம் என்றால் 35.75, அது 35.45 அல்ல. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா பாகையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுபவர்கள் இந்தக் கொசைன் சூத்திரத்துக்குப் பதிலாக ஹேவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள், மிக நெருங்கிய இரண்டு புள்ளிகளுக்கும் அது துல்லியம் குறையாமல் விடை தரும் என்பதால். தூரமான இரண்டு விமான நிலையங்களுக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

அப்புறம் ஏன் ஓர் இணையதளம் 8,754 என்றும் இன்னொன்று 8,770ஐ ஒட்டியும் காட்டுகின்றன? பூமி சரியான உருண்டை இல்லை. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357, துருவங்களில் 21 கிலோமீட்டர் அமுங்கியிருக்கிறது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற நீள்வட்ட மாதிரியை எடுத்துக்கொண்டு, 1975இல் வின்சென்டி வெளியிட்ட முறையிலோ அதற்குப் பின் வந்த முறைகளிலோ கணக்கிட்டால் இன்னும் சரியான எண் கிடைக்கும். உருண்டைக் கணக்கின் தப்பு அரை சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அதாவது இந்தப் பாதையில் இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் பறக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு நிமிடம்தான். பயணத் திட்டத்துக்கு இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மைல் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும்: விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல், 1.852 கிலோமீட்டர். சாலை மைல் 1.609. இதே தூரம் ஒன்றில் 4,727, இன்னொன்றில் 5,440. கலந்து போட்டுவிட்டால் எல்லாமே கெடும்.

இதுவரை சொன்னது உறுதியானது, நாளைக்கும் மாறாது. இனி சொல்லப்போவது அப்படி இல்லை.

விமானம் பெருவட்டத்தில் அப்படியே போவதில்லை. புறப்படும் ரன்வே எந்தத் திசையில் இருக்கிறதோ அப்படிக் கிளம்பி, வகுத்த பாதையில் சேர்ந்து, இறங்கும் ஊரில் வரிசையில் நின்று இறங்க வேண்டும். சாதாரண நாளில் இதனால் 2 முதல் 5 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சில நேரம் இந்தக் கூடுதல் எல்லா அளவையும் தாண்டிவிடும். 2022 பிப்ரவரிக்குப் பின் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர் விமானங்களுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆனது, வட துருவத்தின் மேல் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால். இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன, பெருவட்டத் தூரமும் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. இரண்டு இன்ஜின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஓர் இன்ஜின் நின்றுவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரிய கடல்களின் மேல் பாதை கொஞ்சம் நெளிவதற்கு இதுவும் ஒரு காரணம், ஆனால் இப்போதைய விமானங்களுக்கு அனுமதிக்கப்படும் நேரம் மிக நீண்டது என்பதால் முன்பு போல் அவ்வளவு பெரிய தடையாக இல்லை.

சரி, உங்கள் இரண்டு நேரங்களுக்கு வருவோம். நீங்கள் வகுத்த 900 என்ற எண் தவறில்லை. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை அளவில் இருக்கும், அந்தக் குளிரில் ஒலி மணிக்கு 1,062 கிலோமீட்டர்தான் போகும், அதில் 85 சதவீதம் 903. ஆனால் இந்த 903 காற்றுக்குள் விமானம் போகும் வேகம். தரைக்கு மேல் அது போகும் வேகம் என்று எடுத்துக்கொண்டதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆற்றில் போகும் படகுபோல, விமானத்தைச் சுமந்துகொண்டு காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று ஓடுகிறது. வடகோளத்தில் குளிர்காலத்தில் வலுக்கும், ஜப்பானை ஒட்டிய பசிபிக் பகுதி அதற்குப் பேர்போனது. மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது அங்கே அதிசயமில்லை.

உங்கள் பாதையில் இதைப் போட்டுப் பாருங்கள். நிஜப் பாதை 9,000 கிலோமீட்டர் என்று வைப்போம், வழி முழுவதற்கும் சராசரியாக 90 கிலோமீட்டர் பின்காற்று. தரைவேகம் 990, நேரம் 9 மணி 5 நிமிடம். திரும்பும்போது அதே காற்று எதிரே அடித்தால் தரைவேகம் 810, நேரம் 11 மணி 7 நிமிடம். டிக்கெட்டில் உள்ள இரண்டு எண்களின் நெருக்கத்துக்கு வந்துவிட்டோம். மீதியை டாக்ஸியிங்கும், அதாவது கேட்டுக்கும் ரன்வேக்கும் இடையே தரையில் உருண்டு போவதும், ஏறி இறங்குவதும் நிரப்பும்.

நாங்கள் வேலையில் இதை இன்னொரு விதமாகப் பார்ப்போம். மேலே போட்ட கணக்கில் விமானம் கிழக்கே போகும்போது காற்றுக்குள் கடந்தது 8,180 கிலோமீட்டர், மேற்கே வரும்போது 10,000 கிலோமீட்டர். எரிபொருள் தரைத் தூரத்தைப் பார்த்துச் செலவாவதில்லை, இந்தக் காற்றுத் தூரத்தைப் பார்த்துத்தான் செலவாகும். ஒவ்வொரு விமானத்துக்கும் தயாராகும் பறப்புத் திட்டத்தில் தரைத் தூரத்தோடு இதையும் கணக்கிடுவோம். பாதையைத் தேர்வு செய்வதும் காற்றுத் தூரம் எதில் குறைவோ அதை வைத்துத்தான். அதனால் போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கிழக்கே போகிறவர்கள் ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிப் போய் ஏறிக்கொள்வார்கள், மேற்கே வருகிறவர்கள் அதை விட்டு ஒதுங்குவார்கள். வட அட்லாண்டிக்கில் இதற்காகவே தினமும் இரண்டு முறை காற்றைப் பார்த்துப் புதிதாகப் பாதைகள் வகுப்பார்கள், ஐரோப்பாவிலிருந்து மேற்கே போகும் பகல் கூட்டத்துக்கு ஒன்று, அமெரிக்காவிலிருந்து கிழக்கே வரும் இரவுக் கூட்டத்துக்கு ஒன்று.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. பெருவட்டத் தூரம் சுமார் 12,380 கிலோமீட்டர். ஏர் இந்தியா முதலில் ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் கடந்து மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அப்போது வெளியான கணக்குப்படி அந்தப் பாதை 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதே ஊருக்குக் கிழக்கு நோக்கிப் பசிபிக் வழியாகப் போனார்கள், 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது, நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து 14.5 மணியில் முடிந்தது. காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வந்தது. பெருவட்டத் தூரத்தை மட்டும் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு இது புரியவே புரியாது.

இன்னொரு எல்லை: 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. வழக்கமாகப் பறக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம். தரைவேகம் மணிக்கு 1,327 கிலோமீட்டர் வரை போனது. ஒலியைத் தாண்டிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இல்லை, தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது எப்போதும் போகும் வேகத்தில்தான் போனது.

காற்றைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. நம் 9,000 கிலோமீட்டரைக் காற்றே இல்லாமல் போய் வந்தால் சரியாக 20 மணி நேரம். 90 கிலோமீட்டர் காற்றில் 20 மணி 12 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது, அதனால் நஷ்டம் எப்போதும் கொஞ்சம் கூடுதல். காற்று வலுக்க வலுக்க இந்த வித்தியாசம் வேகமாக வளரும்.

நீங்களே வீட்டில் உட்கார்ந்து மதிப்பிட ஒரு வழி வேண்டும் என்றால், நான் செய்வது இது. பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். பாதை நெளிவதை 850 பார்த்துக்கொள்ளும். டாக்ஸியிங், ஏற்றம், இறக்கம் எல்லாம் அந்த 40 நிமிடத்தில் அடங்கும். உங்கள் பாதைக்கு 10 மணி 58 நிமிடம் வரும், டிக்கெட்டின் இரண்டு எண்களுக்கும் சராசரி 10 மணி 53 நிமிடம். நடு அட்சரேகைகளில் கிழக்கே போனால் இதில் 5 முதல் 8 சதவீதம் கழியுங்கள், மேற்கே போனால் அதே அளவு கூட்டுங்கள், குளிர்காலத்தில் இன்னும் தாராளமாக. வடக்கு தெற்காகப் போனால் எதையும் தொட வேண்டாம். 850 என்பதும் 40 என்பதும் எந்த இயற்பியல் விதியிலிருந்தும் வந்தவை அல்ல, அனுபவத்தில் பொருந்திவந்த எண்கள், அவ்வளவுதான். 3,000 கிலோமீட்டருக்கு மேல் பெரிய விமானம் நிற்காமல் போகும் பாதைகளுக்குத்தான் பொருந்தும். குறுகிய பாதைகளில் ஏறுவதும் இறங்குவதுமே பயணத்தின் பெரும்பகுதி என்பதால் இது ஏமாற்றிவிடும்.

மிக நீண்ட பாதையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே சுமார் 15,340 கிலோமீட்டர். நம் முறைப்படி 18 மணி 43 நிமிடம். அந்தப் பாதையின் கால அட்டவணையும் 19 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பெருவட்டம் கிட்டத்தட்ட வட துருவத்தின் மேல் போகிறது, விமானங்களோ பெரும்பாலும் அதை விட்டு விலகிப் பக்கவாட்டில் போகின்றன. 2018இல் பக்கத்து நிலையமான நியூவர்க்குக்குச் சேவை தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன பாதை நீளமே 16,700 கிலோமீட்டர். கூடிய தூரத்தைக் காற்று ஈடுகட்டியதால்தான் நம் மதிப்பீடு தப்பவில்லை. எல்லா முறையும் இப்படிக் கைகொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதைக் குறிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது பிளாக் டைம். கேட்டை விட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, சேரும் ஊரின் கேட்டில் நிற்பது வரை. பறக்கும் நேரம் அதைவிட 20, 30 நிமிடம் குறைவு, நெரிசலான நிலையம் என்றால் இன்னும் குறைவு. அதற்கு மேல் தாமதத்துக்கென்று கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிறுவனங்கள் அட்டவணை போடும். எவ்வளவு விடுவது என்பது அவரவர் வியாபார முடிவு, எந்தச் சூத்திரத்திலிருந்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நேரம் தாழ்த்திக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கே வந்து சேர்வது பெரும்பாலும் இதனால்தான். பைலட் வேகத்தைக் கூட்டிப் பிடித்துவிட்டார் என்று சொல்வார்கள், நீண்ட பாதையில் அப்படிப் பிடிக்க முடிவது சில நிமிடங்கள்தான்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன்பே இறங்கும் விஷயம். இதில் புதிர் எதுவும் இல்லை. டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊரின் நேரம்தான் இருக்கும். இரண்டையும் நேரடியாகக் கழிக்காதீர்கள், இரண்டையும் முதலில் யுடிசிக்கு, அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்துக்கு, மாற்றுங்கள். ஜப்பான் யுடிசியைவிட 9 மணி நேரம் முன்னால், அதனால் மாலை 5 மணி என்பது யுடிசி காலை 8. பத்து மணி நேரம் கூட்டினால் மாலை 6. லாஸ் ஏஞ்சலிஸ் குளிர்காலத்தில் யுடிசியைவிட 8 மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே அதே தேதி காலை 10. திரும்பும்போது அங்கே பகல் 12 மணிக்குக் கிளம்பினால் யுடிசி இரவு 8, அதோடு 11 மணி 45 நிமிடம் சேர்த்தால் மறுநாள் காலை 7.45, நரிடாவில் அது மாலை 4.45. மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை லாஸ் ஏஞ்சலிஸ் 7 மணி நேரம்தான் பின்னால் இருக்கும், ஜப்பானோ கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. உங்கள் பயணம் அந்த ஞாயிறுகளை ஒட்டி வந்தால் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட நாளின் பறக்கும் நேரத்தை வாரக்கணக்கில் முன்பே யாராலும் சொல்ல முடியாது. பறப்புத் திட்டமே கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் தயாராகிறது. ஆனால் எந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது எப்போது ரன்வேயை விட்டு எழும்பியது, எப்போது தரை தொட்டது என்று வரிசையாகக் கிடைக்கும். மிகக் குறைந்த நேரத்தையும் மிக அதிக நேரத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டோடும் டாக்ஸியிங்குக்காக அரை மணி நேரம் சேருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டியிருந்தால், அந்தப் பெரிய எண்ணை வைத்தே இடைவெளியைத் திட்டமிடுங்கள்.